செத்தது என்று எழுதியிருந்தது

முப்பத்தொன்றாம் எண் கால்குலேட்டரின் முதுகில்
என் கையெழுத்திலேயே, கறுப்பு மையில்: செத்தது.
ஆறு வருஷமாக இழுப்பறையில் கிடந்தது.
இந்தக் குளிர்காலம் பட்ஜெட்டில் கை வைத்துவிட்டார்கள்.
புதிது கிடையாது, பழசை எழுப்பு என்றார் முதல்வர்.
எனக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான் தகுதி.

டுலூத்துக்கு வடக்கே, இரும்புச் சுரங்க ஊர்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பிள்ளைகள் போய், ஹீட்டர் மட்டும் முனகும் மூன்றரை மணி.

மூடியைத் தள்ளினேன்.
நான்கு பேட்டரியும் அழுது காய்ந்திருந்தன,
ஸ்பிரிங்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் பூத்து.
காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டு வைத்தேன்; நுரைத்தது.
பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்தேன்,
தப்பான விடையைப் பிள்ளைகள் தேய்ப்பதுபோல்,
தாள் கிழிந்தாலும் சரி என்று.
புதுப் பேட்டரி. ஆன்.

ஒன்றுமில்லை.

பேட்டரியை உருட்டினேன், கழற்றி மாட்டினேன்,
கக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன் (அதையும்தான்),
மேஜை விளிம்பில் ஒரு தட்டு.
ஆன். ஆன். ஐந்து ஐந்து ஐந்து ஐந்து.
கல்லுளிமங்கன்.
சாம்பல் பச்சைத் திரை,
யார் வீட்டு எழவோ என்ற முகம்.

மிச்சம் ஒரே வழி.
பேட்டரிக் குழிக்குப் பக்கத்தில், குட்டித் திருகுக்கு அடியில்
காசு அளவில் இன்னொரு பேட்டரி.
நினைவு அதன் பொறுப்பு.
அதையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் பட்டினி போட்டு,
எதுவும் தெரியாத குழந்தையாக எழுப்ப வேண்டும்.
திருகில் முனையை வைத்தேன்.
அரைச் சுற்று.
வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தேன்,
பனியில் பட்டுத் தெறிக்கும் அந்த நீலத்துக்கு.
திரை ஓரக்கண்ணில் பட்டது.

என்னவோ இமைத்தது.

மஞ்சள் பொத்தான் ஒருமுறை. மேல் அம்பு, விடாமல்.
மூடுபனிக்குள்ளிருந்து ஆள் நடந்து வருவதுபோல்
கறுத்துக்கொண்டே வந்தது:
நான் குத்திய ஐந்தெல்லாம், ஒன்று குறையாமல்.
இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
யாரோ திரையின் கறுப்பை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்.

ஏன் என்பது பட்டியலைத் திறந்ததும் தெரிந்தது.
நாள்: 0, 3, 6, 9, 12, 15.
எதிரே: 3, 4, 5.5, 6.5, 8, 9.
இயற்கணிதம் இல்லை இது.
ஏரியின் ஐஸ், அங்குலத்தில்.
நான்கு வந்தால் நடக்கலாம் என்பார்கள் இங்கே,
பன்னிரண்டு வந்தால் பிக்கப் வண்டி.
புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்து
பன்னிரண்டைத் தேடியிருக்கிறான்.
22.15 என்றது கோடு.

பேரேட்டைப் புரட்டினேன்.
31: டேரில் குயிவினென், பதினொன்றாம் வகுப்பு.
திருப்பித் தந்தபோது நிலை: ஓடவில்லை.
அபராதம் எழுபது டாலர்.
விதித்தது நான்.
பதினான்கு ஐந்து டாலர் நோட்டுகள்; ஒவ்வொன்றிலும் மீன் வாடை.
ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

இப்போது டயர் கடையில் இருக்கிறான். போன் செய்தேன்.
"ஓ, அதுவா. அணைக்க மறந்துட்டேனா?"
"கறுப்பைக் கூட்டிக் காட்டியிருக்கலாமே?"
"எப்படிக் காட்ட? கணக்கு வாத்தியார் ப்ரெபிச் பக்கத்துலயே நின்னார்."
"இருபத்திரண்டாம் நாள் வரை பொறுத்தியா?"
"இருபத்தொண்ணு."
டயரில் காற்று ஏறும் சத்தம் வெகுநேரம்.
"நடு ஏரி கெட்டிதான். கரையோரம் மெலிசு.
அதைக் கோட்டுல சேர்க்கலை."
"அப்புறம்?"
"பின்சக்கரம் ரெண்டும் நனைஞ்சது. பேன்ட்டும்."

எழுபது டாலரைப் பற்றி ஆரம்பித்தேன்.
வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்றான்.

அரைச் சுற்றைத் திரும்ப இறுக்கினேன்.
முதுகிலிருந்த எழுத்தை வினிகர் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை,
'செ' மட்டும் கொஞ்சம் மங்கியது.